கரண்ட் வருமுன் பத்து நிமிடம்

போன மாதம் ஒரு வீட்டுக்கூட்டம். மூன்றாவது மாடி, சின்ன ஹால், பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு சார்ஜ் லைட். ஓர் அண்ணன் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தெருவிலிருந்து பிள்ளைகளின் கூச்சல்: "மீ லா ப்பி!" கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது, உள்ளே பிரிட்ஜ் உறுமியது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்கார அக்கா ஏற்கெனவே ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கத் தயாராக இருந்தார். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டுமே. இரண்டு பேருடைய கை சார்ஜரைத் தேடியது. ஜெபித்துக்கொண்டிருந்த அண்ணனும் வேகத்தைக் கூட்டி, தூர தேசத்து மிஷனரிகளுக்கான ஜெபத்திலிருந்து நேராக 'ஆமெனு'க்கு வந்து சேர்ந்தார்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும்தான் கண்ணைத் திறந்தேன். ரங்கூனில் இப்போது மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. வந்த நேரத்தில் சோறு வைக்க வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும், துணி தேய்க்க வேண்டும், பேட்டரி ஏற்ற வேண்டும். வயிற்றுப்பாடு அதில் இருக்கிறது. என் தையல் மெஷினும் மோட்டாரில் ஓடுவதுதான்.

எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், மௌல்மேனிலிருந்தும் பெகுவிலிருந்தும் வேலைக்காக ரங்கூன் வந்தவர்கள், கல்யாணமாகி வந்த பெண்கள் என்று பலவிதமானவர்கள். எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நேரமே இல்லையே, எப்போ ஜெபிக்கிறது, எப்போ வேதம் வாசிக்கிறது?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, தையல்காரி. பிரசங்கம் எதிர்பார்க்காதீர்கள்.

மார்த்தாளை முதலில் சரியாகப் படியுங்கள்

இந்தப் பேச்சு எடுத்தாலே லூக்கா 10-ஆம் அதிகாரத்து மார்த்தாள் வந்துவிடுவாள். தங்கை மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, தன்னைத் தனியே வேலை செய்யவிட்டாள் என்று முறையிட்டவள். சமையல்கட்டில் இருக்கிற பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இயேசு அவளிடம் "ஏன் சமைக்கிறாய்" என்று கேட்கவில்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். அப்புறம் யோவான் 12-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பஸ்காவுக்கு ஆறு நாளைக்கு முன்பு, அதே பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். அதே வேலை, அதே கை. ஆனால் தங்கையைப் பற்றி ஒரு முறையீடும் இல்லை. நடுவில், சகோதரன் லாசரு செத்துக் கிடந்தபோது, "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கையிட்டவளும் அவளே.

ஆகவே வேலையைக் குறைத்தால்தான் ஆவிக்குரிய வாழ்க்கை என்று நினைத்துத் தொடங்காதீர்கள். ரங்கூனில் வேலையைக் குறைத்தால் வீட்டு வாடகையும் நின்றுவிடும். எது முதலில் என்று ஒழுங்குபடுத்த முடியும். அதற்குத்தான் கீழே சொல்வது.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

நாள்காட்டித் தாள் கிழிப்பீர்கள் அல்லவா, அதன் பின்பக்கம் போதும். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்ன செய்தீர்கள் என்று குத்துமதிப்பாக எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். மூன்று நாள் போதும். ஒரு வாரம் எழுதச் சொன்னால் நான்காவது நாள் யாரும் எழுதுவதில்லை, பார்த்துவிட்டேன்.

நான் எழுதிப் பார்த்தபோது கண்டுபிடித்தது எனக்கே கூச்சமாக இருந்தது. தையல் நேரம் நான் நினைத்த அளவு இல்லை. கரண்டுக்காகக் காத்திருக்கிற நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, வராத நெட்டை வரவழைக்க விபிஎன்னை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் "நேரமே இல்லை".

உங்கள் தாளில் வேறு ஏதாவது இருக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற நேரம், கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரம். எதையும் மாற்ற வேண்டாம், மூன்று நாள் முடியும்வரை பாருங்கள், அவ்வளவுதான்.

கடிகாரத்தோடு கட்டாதீர்கள்

இந்தியாவிலிருந்து வரும் நற்செய்திப் பத்திரிகைகளில் "தினமும் காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபியுங்கள்" என்று இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் வட்டாரத்துக்கு இன்றைக்குக் காலை 5 மணிக்குக் கரண்ட் வருகிறது என்றால், அந்த நேரத்தில் ரைஸ் குக்கரைப் போடாமல் முழங்காலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? நாளைக்கு முறை மாறும், திட்டமும் மாறும். நான்கு நாளில் விட்டுவிடுவீர்கள். அப்புறம் குற்ற உணர்ச்சி வேறு.

அதற்குப் பதிலாக, நீங்கள் எப்படியும் தினமும் செய்கிற ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் முதுகிலே ஜெபத்தைக் கட்டிவிடுங்கள். காலையில் முதல் டீ போடுகிறீர்கள் என்றால், தண்ணீர் கொதிக்கிற நேரம் அதற்கு உரியது. வீட்டைப் பூட்டி இறங்குகிறவர் என்றால், சாவியை எடுக்குமுன். கரண்ட் எப்போது வந்தாலும் போனாலும் டீ போடுவீர்கள், கதவைப் பூட்டுவீர்கள்.

எனக்கு ஏற்றது இருட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷின் ஓடாது, கை சும்மா இருக்கும். அது கிடைத்தவுடன் முதல் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" போய் ஜெபித்தார் என்று வாசிக்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு இருட்டுக்குப் பஞ்சமே இல்லை.

நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்குச் சின்னச் சின்ன ஜெபங்களும் உண்டு. நெகேமியாவைப் பாருங்கள். ராஜா கேள்வி கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும், நடுவில் மனதுக்குள் ஒரு ஜெபம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூச்சை இழுத்து விடுகிற நேரம். வொய்.பி.எஸ். டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது அது போதும். சர்க்கிள் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்னைவிட வசதி. ஒரு முழுச் சுற்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதில் உங்கள் பங்கு அரை மணி இருந்தாலே ஒரு சுவிசேஷத்தின் இரண்டு மூன்று அதிகாரம் ஓடிவிடும். சன்னல் பக்கம் இடம் கிடைத்தால், அதுவும்.

ஆனால் ஒன்று: பஸ் ஜெபத்தை மட்டும் வைத்துக் காலம் ஓட்ட முடியாது. அது நடுவில் கடித்துக்கொள்கிற முறுக்கு மாதிரி. சோறு தனியாக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உட்கார்ந்துவிடுவார்கள், என்ன செய்வது என்று தெரியாது, இரண்டாவது நிமிடம் அரிசி தீர்ந்துபோனது ஞாபகம் வரும். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வையுங்கள். அரிசி ஞாபகம் வந்தால் "அரிசி" என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். மனது அதைப் பிடித்துக்கொண்டு தொங்காது. இது சின்ன விஷயம், ஆனால் எனக்குத் தெரிந்த தந்திரங்களில் இதுதான் பெரிது.

முதல் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். மூச்சு அடங்கட்டும்.

அப்புறம் வாசிப்பு. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், நடையும் வேகமாகப் போகும். ஓர் அதிகாரம் ஐந்து ஆறு நிமிடம். ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு வருடத்தில் முழு வேதாகமம் முடிப்பேன் என்று புறப்படாதீர்கள். மொத்தம் 1,189 அதிகாரம். நாளைக்கு மூன்று நான்கு வாசிக்க வேண்டும். பெரும்பாலோர் லேவியராகமத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிய ஏற்பாடு மட்டும் 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று போனால் சரியாக 52 வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு நாள் விட்டுப்போனதைச் சேர்த்துப் பிடிக்கவும் இடம் இருக்கிறது. மிகவும் களைத்துப்போன நாளில் 117-ஆம் சங்கீதம், இரண்டே வசனம். 119-ஐத் தொடாதீர்கள், 176 வசனம்.

வாசித்ததில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த வரியாக இருக்கலாம், புரியாத வரியாகவும் இருக்கலாம். நோட்டில் எழுதுங்கள். புரியாததைப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது கேளுங்கள். சபையில் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கேட்டால் பெரியவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மிச்சம் மூன்று நிமிடம் ஜெபம். பெரிய வார்த்தைகள் வேண்டாம். கூட்டங்களில் கேட்கிற ஜெபத் தமிழைத் தனியாக இருக்கும்போதும் பேச வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தம்பி என்னிடம், "எனக்கு அந்தத் தமிழ் வராது அக்கா, பர்மா பாஷையில் ஜெபிக்கலாமா?" என்று கேட்டான். பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மிய மொழியில் படித்தவன். தாராளமாக ஜெபிக்கலாம். வீட்டில் அம்மாவிடம் எந்த மொழியில் "பசிக்குது" என்று சொல்வாயோ அதில் சொல் என்றேன். இரண்டையும் கலந்து பேசுகிறான். கேட்கிறவருக்கு இரண்டும் புரியும்.

கத்தோலிக்கச் சபையிலிருந்து வருகிற நண்பர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அன்றன்றைய திருப்பலி வாசகம் குறித்துத் தரப்பட்டிருக்கும், எதை வாசிப்பது என்று தேட வேண்டாம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

போனை என்ன செய்வது

வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்றால், நெட் இல்லாமல் ஓடுகிற ஆப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது டேட்டாவை நிறுத்திவிடுங்கள். முடிந்தால் அச்சுப் புத்தகம் வாங்குங்கள், சார்ஜ் தீராது.

சபையின் வைபர் குரூப் தனிக் கதை. காலையில் திறந்தால் நாற்பது, ஐம்பது "ஸ்தோத்திரம்", பூ படம், வசன அட்டை. இதைப் பார்த்து முடிக்கும்போது ஏதோ ஆவிக்குரிய காரியம் செய்துவிட்ட திருப்தி வந்துவிடும். ஒன்றும் செய்திருக்க மாட்டோம். குரூப்பை மௌனத்தில் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை பாருங்கள். அவசர ஜெப விண்ணப்பம் என்றால் யாராவது போன் செய்வார்கள்.

ஊழியம் என்ற பெயரில் வரும் அலைச்சல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களை அதிகமாகக் களைக்க வைப்பது சில நேரம் சபைதான்.

நடப்பது இப்படி. புதிதாக ஒருவர் வருகிறார், துடிப்பாக இருக்கிறார். முதல் மாதம் நாற்காலி போடுகிறார். இரண்டாம் மாதம் பாட்டுக் குழு. மூன்றாம் மாதம் ஓய்வுநாள் பள்ளி. அப்புறம் வாலிபர் கூட்டம், புதன் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், மருத்துவமனைச் சந்திப்பு, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு. பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையில் ஊரே தண்ணீர் விளையாடும்போது முகாமில் சமையல். எல்லாமே நல்ல காரியம், எதையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

நானும் அப்படித்தான் இருந்தேன், அப்போது வேறொரு சபையில். ஒருநாள் ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தபோது, கடைசியாக எனக்காக வேதத்தைத் திறந்தது எப்போது என்று யோசித்தேன். நோட்டில் தேதி இருந்தது. பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் தினமும் வேதம் என் கையில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்ல வசனம் தேடி, பாட்டுக்கு வசனம் தேடி, கூட்டத்துக்கு வசனம் தேடி. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டு, எனக்குக் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி. பொறுப்பில் இருந்தவரிடம் ஒன்றிரண்டு வேலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றபோது, "ஆதி அன்பு குறைந்துவிட்டதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒரு வருடம் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அதன்பிறகுதான் வேதத்தில் "வேண்டாம்" என்று சொன்னவர்களைத் தேட ஆரம்பித்தேன். நிறையவே இருக்கிறார்கள். யாத்திராகமம் 18-இல் மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். தொய்ந்துபோவீர், வேலையைப் பிரித்துக் கொடும் என்று வழியும் சொல்கிறார். மோசே கேட்டுக்கொண்டார். மாமனார் பேச்சைக் கேட்ட மருமகன் என்பதற்கே அவரைப் பாராட்டலாம். அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள், பன்னிருவர் ஜெபத்தையும் போதனையையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

எல்லாவற்றையும்விட, நான் மேலே சொன்ன அதே மாற்கு முதல் அதிகாரம். முந்தின நாள் சாயங்காலம் பட்டணமே வாசலில் கூடியிருந்தது. இருட்டோடே எழுந்துபோய் ஜெபித்தவரைச் சீமோன் தேடிக் கண்டுபிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். இயேசு திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். தேடி வந்தவர்களுக்குத் தேவை இல்லாமலில்லை. அவர் எதற்கு வந்தார் என்பது இருட்டிலேயே தீர்மானமாகிவிட்டது.

சரி, நடைமுறையில் எப்படிச் சொல்வது? நம்முடைய ஆட்களிடம் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வது கஷ்டம். வயதில் மூத்தவர் கேட்கிறார், உறவு போலப் பழகியவர் கேட்கிறார். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது:

முதல் வருடம் ஒரே ஒரு பொறுப்பு. எதுவாக இருந்தாலும் சரி, நாற்காலி போடுவதும் பொறுப்புதான். அதை நன்றாகச் செய்யுங்கள்.

இரண்டாவதாக ஒன்று கேட்டால் அங்கேயே பதில் சொல்லாதீர்கள். "ஜெபித்துவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன் அண்ணே" என்று சொல்லுங்கள். சாக்குக்காகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, உண்மையாகவே ஜெபித்துவிட்டு, அடுத்த ஞாயிறு நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அவர் தேடி வரும்படி வைக்காதீர்கள்.

மறுப்பதானால் காரணத்தை நீட்டாதீர்கள். "இந்த வருடம் பாட்டுக் குழுவில் மட்டும் இருக்கிறேன் ஐயா, அடுத்த வருடம் பார்க்கலாம்." போதும். ஐந்து காரணம் சொன்னால் ஐந்துக்கும் பதில் வைத்திருப்பார்கள்.

பெரும்பாலான போதகர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். இப்போதுள்ள எங்கள் போதகர் ஒரு படி மேலே போய், புதியவர்களுக்கு ஆறு மாதம் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்காலி போட ஆள் இல்லாமல் நாங்களே போடுகிறோம்.

ஞாயிறு வேலை இருக்கிறவர்களுக்கு

பொஜோ சந்தை, எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் ஸ்காட் மார்க்கெட், திங்கட்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு நல்ல வியாபாரம். அங்கே கடையில் நிற்கிற பிள்ளைகள் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வரும். ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிறவர்கள், காவல் வேலை செய்கிறவர்கள், டீக்கடைப் பையன்கள் எல்லாருக்கும் இதே நிலைதான்.

முதலாளியிடம் மாதத்தில் ஒரு ஞாயிறாவது, அல்லது ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாவது கேட்டுப் பாருங்கள். புத்த மதத்து முதலாளிகள் கும்பிடுகிற விஷயம் என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். உபோசத நாள் என்ற வழிபாட்டு நாள் அவர்களுக்கும் உண்டு. பதிலுக்கு ஒரு திங்கட்கிழமை ஸ்டாக் எடுக்க வருகிறேன் என்று சொல்லலாம். கிடைக்கவில்லை என்றால், வாரத்தில் வேறு நாளில் நடக்கிற வீட்டுக்கூட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை விடாதீர்கள். தனியாக வாசித்துக்கொள்கிறேன், ஜெபித்துக்கொள்கிறேன், கூட்டம் வேண்டாம் என்று தொடங்கியவர்களில் நிலைத்தவர்களை நான் பார்த்தது குறைவு.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

குடும்ப ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு பாட்டு, ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். ஏழு நிமிடத்தைத் தாண்டினால் சின்னவன் பெரியவனைக் கிள்ளுவான்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதைவிட, இரண்டு வேதாகமத்தையும் திறந்து வையுங்கள். எங்கள் வீட்டில் மகள் பர்மிய வேதாகமத்தில் ஒரு வசனம் வாசிப்பாள், நான் தமிழில் அதே வசனம். சில சொற்களுக்கு இரண்டு மொழியிலும் வேறு வேறு சாயல் இருக்கும். அதைப் பற்றிப் பேசியே ஐந்து நிமிடம் போய்விடும், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

அவள் கையில் இருப்பது ஜட்சன் மொழிபெயர்த்தது. அந்தக் கதையை அவளுக்கு ஒரு கரண்ட் இல்லாத இரவில் சொன்னேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூனில். ஆறு வருடம் ஓர் ஆள்கூட இல்லை. அந்த ஆறு வருடமும் மொழி படிப்பு, மொழிபெயர்ப்பு என்று தினமும் உட்கார்ந்திருக்கிறார். 1824-இல் இங்கிலீஷ்காரர்களோடு போர் மூண்டபோது அப்போதைய தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டுவிட்டார்கள். அவர் மனைவி ஆன், கையெழுத்துப் பிரதியை ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குக் கொடுத்தார். முழு வேதாகமமும் முடிந்தது 1834-இல். தலையணைக்குள் எப்படித் தைத்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். தையல்காரி மகள் அல்லவா. பழைய தலையணை உறையை எடுத்து வைத்து இருவரும் தைத்துப் பார்த்தோம். குத்துகிற மாதிரி, யாரும் ஆசைப்படாத மாதிரிச் செய்வதுதான் கஷ்டம்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். மூன்றாம் வாரம் நிச்சயம் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், தீபாவளி ஆர்டர் குவியும். விட்ட அதிகாரங்களை ஒரே நாளில் சேர்த்து வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் கணக்கு மாதிரி ஆகிவிடும். இன்றைக்குள்ளதை வாசியுங்கள்.

உடம்பு சோர்ந்து விட்டதென்றால் முதலில் தூங்குங்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்கிறார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலைக்கு நடந்தது அதற்கு அப்புறம். இரவு டியூட்டி முடித்து வருகிற நர்ஸ் பிள்ளைகளிடம் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்: முதலில் மொஹிங்கா சாப்பிட்டுத் தூங்கு, எழுந்து ஜெபி.

இன்றைக்கு இரவு படுக்குமுன் வேதாகமம், நோட்டு, பேனா, சார்ஜ் லைட் நான்கையும் ஒரே இடத்தில் வையுங்கள். இருட்டில் தேட ஆரம்பித்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. நம் பால்கனிகளிலிருந்து தெருவரை கயிறு தொங்குமே, நுனியில் கவ்வி மாட்டி, மேலே மணி கட்டி. கீழே இருந்து யார் இழுத்தாலும் மேலே மணி அடிக்கும். அந்தப் பத்து நிமிடம் கயிற்றை மேலே சுருட்டி வைத்துவிடுங்கள். நான் இதைச் செய்ய ஆரம்பித்தபோது வாடிக்கை போய்விடும் என்று பயந்தேன். போன வாரம் ஜெபித்து முடித்துக் கயிற்றை இறக்கியபோது, எதிர்த் தெரு பர்மியப் பாட்டி துணிப் பையோடு கீழே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "பயா ஷிக்கோவா (சாமி கும்பிட்டாயா)? நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு, பையைக் கவ்வியில் மாட்டினார்.